கடுகளவு துளை

ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை ஐந்து மணிக்குத்தான் விட்டது. ஆறரைக்குப் பச்சைமுத்து வந்து கதவைத் தட்டினார். சரளா திறந்து பார்த்தபோது அவர் வேட்டியைத் தொடை வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். கால் இரண்டிலும் சேறு. அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அவருடைய ஒரே மகள் ஷோபாவுக்குக் கல்யாணம்.

"கிளெமென்ட் முழிச்சிக்கினு இருக்கானாம்மா?"

"இருக்காரு. இன்னாண்ணா, இந்தக் கோலத்துல?"

"ஹாலுக்குள்ள தண்ணி பூந்துடுச்சும்மா. முட்டிக்கு மேல நிக்குது. பம்பு ஸ்டார்ட் ஆவுது, உடனே நின்னுடுது. அவன் வந்து சும்மா பார்த்தா போதும். கை வைக்க வேணாம்."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கிளெமென்ட்டுக்கு அது கேட்டது. ஜீவனஹள்ளியில் சின்ன இஞ்சின் என்றால் சரளாவின் புருஷன் கிளெமென்ட்தான். ஜெனரேட்டர், பம்பு, புல் வெட்டும் மெஷின், கொசுவுக்குப் புகையடிக்கிற மெஷின் எல்லாம் அவனிடம்தான் வரும். மூன்று வாரத்துக்கு முன்னால் டெம்போவிலிருந்து ஒரு ஜெனரேட்டரை இறக்கும்போது வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். முந்தின நாள்கூட, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட வந்த சரளாவின் கையைத் தட்டிவிட்டிருந்தான்.

"கை வைக்காம இன்னாத்தப் பார்க்கறது?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான். சொல்லிக்கொண்டே எழுந்து செருப்பைத் தேடினான்.

சர்ச்சில் எட்டு மணிப் பூசைக்காகக் கட்டியிருந்த புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு சரளாவும் பின்னாலேயே போனாள்.

ஹால் தெருவின் கடைசியில் இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு ஞாயிறாகக் கூடி, தாங்களே மண் சுமந்து, தாங்களே செங்கல் அடுக்கிக் கட்டியது. மேடையில் வெள்ளைப் பளிங்கில் ஒரு புத்தர் சிலை. கட்டின காலத்தில் ரோட்டிலிருந்து ஒரு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம் ரோட்டைப் புதுசாகப் போடும்போதெல்லாம் பழையதைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது மூன்று படி இறங்கிப் போகிற மாதிரி ஆகிவிட்டது. ரோட்டுத் தண்ணீர் வடிந்திருந்தது. உள்ளே புகுந்த தண்ணீருக்குத்தான் வெளியே போக வழியில்லை. நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்துகொண்டிருந்தன. முந்தின நாள் கட்டின சாமந்திச் சரங்களின் நுனி தண்ணீரில் ஊறிக் கிடந்தது.

படிக்கட்டின் மேலே, ரோட்டோரத்தில், பம்பு இருந்தது. போன தடவை வெள்ளம் வந்தபோது தெருவே சேர்ந்து வாங்கின பழைய பெட்ரோல் பம்பு. பரணில் இருந்ததால் அது நனையவில்லை.

பச்சைமுத்து கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை கக்கிக்கொண்டே ஓடியது.

"சோக்கை எடுண்ணா," என்றான் கிளெமென்ட்.

சோக்கைப் போட்டால் உள்ளே போகிற காற்று குறைந்து பெட்ரோல் கூடும். சூடேறினதும் எடுத்துவிட வேண்டும். பச்சைமுத்து எடுத்தார். இஞ்சின் ஒரு தடவை விக்கியது, நின்றுவிட்டது.

"இதான், இதான். காலைல இருந்து இதே பேஜாரு."

வேறு பம்புக்கும் அவர் அலைந்து பார்த்துவிட்டார். பெங்களூரில் பாதி இடம் தண்ணீரில் நின்றது. வாடகைப் பம்பெல்லாம் பெரிய அபார்ட்மென்ட்களின் கார் நிறுத்துமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டும் இல்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் ஊரின் மறுகோடியில், சந்தாபுராவில் இருந்தார்கள். பேசியது மாப்பிள்ளையின் பெரியப்பா. சத்தமாகப் பேசுகிற மனிதர். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, அந்தக் குழியில கல்யாணம் வேணாம்னு? இங்க எங்க பக்கத்துல மண்டபம் ரெடியா இருக்கு. பொண்ணை மட்டும் கூட்டிக்கினு வந்துடுங்க. பதினோரு மணிக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க, பஸ்ஸை நிறுத்தணும்."

பச்சைமுத்து போனை மடியில் வைத்துக்கொண்டார். கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினவர். அந்த ஹாலின் அஸ்திவாரத்துக்கு மண் சுமந்ததில் அவர் தலையும் உண்டு. சந்தாபுராவுக்குப் போனால் தெருக்காரர்களில் எத்தனை பேர் வர முடியும்? நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள். எல்லோரும் ஷோபாவைத் தூக்கி வளர்த்தவர்கள்.

ஷோபாவே வந்து நின்றாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிற பெண். கையில் மருதாணி, முகத்தில் மஞ்சள், காலில் ரப்பர் செருப்பு. போனில் பேசினதை அவளும் கேட்டிருந்தாள்.

"அப்பா, தண்ணியில நின்னே பண்ணிக்கிறேன். அங்க போவ மாட்டேன்."

"போம்மா உள்ள. ஜுரம் வந்துடப் போவுது," என்றார் பச்சைமுத்து.

கிளெமென்ட் இதையெல்லாம் கவனிக்கவில்லை. இஞ்சின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தான். மூன்று வாரமாக இல்லாத ஒரு களை அவன் முகத்தில் வந்திருந்தது.

"சோக் போட்டா ஓடுது, எடுத்தா சாவுது. எங்கியோ திருட்டுக் காத்து இழுக்குது. சரளா, ஒரு கப்புல சோப்புத் தண்ணி கலக்கிக்கினு வா. நுரை நல்லா இருக்கணும். பிரஷ் ஒண்ணும் எடுத்துக்கோ."

அவள் கொண்டுவந்தாள். மறுபடி சோக்கைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரைச் சுற்றி ஒவ்வொரு இணைப்பாக நுரையைத் தடவச் சொன்னான். முதல் இடத்தில் நுரை அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. கார்புரேட்டருக்கும் அதன் பின்னால் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைக்கும் நடுவில் தடவியதும், வாய் வைத்து உறிஞ்சின மாதிரி நுரை உள்ளே போய்விட்டது. இஞ்சின் சத்தமும் மாறியது.

"மாட்டிக்கிச்சு!" என்றான் கிளெமென்ட். "பேக்கிங் போயிருக்கு."

இரண்டு பரப்புகளுக்கு நடுவில் காற்றோ எண்ணெயோ ஒழுகாமல் இருக்க வைக்கிற மெல்லிய அட்டைதான் பேக்கிங். கடையில் வாங்கினால் சில்லறைக் காசு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற ஜே.சி. ரோட்டில் ஒரு கடையும் திறந்திருக்காது.

"வெட்டிக்கலாம்," என்றான் அவன். "நம்மகிட்ட ஷீட் இருக்கு. நம்ம கடையில வெட்டாத பேக்கிங்கா?"

ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார்கள். அங்கேயும் ஒரு ஜாண் தண்ணீர் புகுந்திருந்தது. கீழ்த் தட்டில் வைத்திருந்த பேக்கிங் ஷீட் சுருள் ஊறி, பிடித்தால் கையோடு கஞ்சியாக வந்தது. கிளெமென்ட் அதை உதறிவிட்டு ஷட்டரில் ஓர் உதை விட்டான்.

பச்சைமுத்து வீட்டுக்கு ஓடிப்போய் மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்தார். "இது கெட்டி அட்டைதான்பா. ஆகுமா பாரு."

கிளெமென்ட் ஒன்றை இடது கையில் வாங்கி நகத்தால் கீறினான். "மேல பிளாஸ்டிக் கோட்டிங் இருக்குண்ணா. சூட்டுக்குச் சுருங்கிக்கும். ஆவாது."

"நம்ம வீட்ல என் அட்டை இருக்கு," என்றாள் சரளா.

அவள் கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் பேட்டர்ன் மாஸ்டர். சட்டையோ பாவாடையோ, துணியில் கத்தி படுவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் அட்டையில் அளவாக வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறாள். அந்த அட்டை பழுப்பாக, வழவழப்பில்லாமல், இழுத்தாலும் கிழியாமல் இருக்கும். வீட்டு அலமாரிக்குப் பின்னால் நாலைந்து துண்டு வைத்திருந்தாள்.

கொண்டுவந்து கொடுத்ததும் கிளெமென்ட் வளைத்துப் பார்த்தான். எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தான். "பர்வாயில்லயே," என்றான்.

கார்புரேட்டரைக் கழற்றும் வேலையைப் பச்சைமுத்து செய்தார். கிளெமென்ட் எந்த நட்டு, எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பழைய பேக்கிங் வெந்து, கருகி, இரும்போடு ஒட்டிப் போயிருந்தது. அதை மட்டும் தானே சுரண்டுவேன் என்று அடம்பிடித்து, இடது கையில் பிளேடைப் பிடித்துச் சுரண்டினான். தூள் தூளாக உதிர்ந்து சேற்றில் விழுந்தது. ஒரு துண்டுகூட முழுசாக வரவில்லை.

அட்டையை வெட்டும் வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். அட்டையைப் பரப்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் தட்டிக்கொண்டே போவது அவன் வழக்கம். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிக் கொடுத்துவிடும். வலது கையில் அது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். இடது கையில் நாலாவது தட்டிலேயே சுத்தியல் வழுக்கி, அட்டை போல்ட் ஓட்டையோடு கிழிந்தது. இரண்டாவது துண்டும் கிழிந்தது.

"குடுங்க இப்படி," என்றாள் சரளா.

"இது துணி இல்ல, சரளா. அர இஞ்சு இங்க அங்க போனா பிடிச்சு இழுத்துத் தைக்க முடியாது."

தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சரளாவுக்கு முகம் சுட்டது. அவன் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டாள்.

கிரீஸை விரல் நுனியில் தொட்டு, கறுப்புக் கட்டையின் முகத்தில் மெல்லிசாகப் பூசினாள். அட்டையை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து. எடுத்துப் பார்த்தால் அச்சு விழுந்திருந்தது. நடுவில் பெரிய வட்டம், இரண்டு பக்கமும் போல்ட் ஓட்டைகள், வெளி விளிம்பு. ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடும் தெரிந்தது. ஏதோ கீறல் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

படியில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். கத்தியைத் திருப்பாமல் அட்டையைத்தான் திருப்பினாள். வளைவு வெட்டும்போது கத்தி திரும்பினால் விளிம்பு பிசிறடிக்கும். போல்ட் ஓட்டைகளுக்கு, அட்டையோடு கொண்டுவந்திருந்த தொழில் பையிலிருந்து ஓட்டை போடுகிற பஞ்ச்சை எடுத்து, அட்டையைக் கல்லின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். அட்டை நழுவாமல் இருக்க ஏதாவது பாரம் வேண்டியிருந்தது. அவள் கேட்பதற்கு முன்னாலேயே கிளெமென்ட் தன் மாவுக்கட்டை அட்டையின் மேல் வைத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒன்பதேகாலுக்குப் பேக்கிங் தயார். மாட்டி, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். பச்சைமுத்து கயிற்றை இழுத்தார். இஞ்சின் பிடித்தது. சோக்கை எடுத்தார்.

இஞ்சின் நிற்கவில்லை. கணகணவென்று ஓடியது. குழாய் ஒரு தடவை துள்ளி, பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். பச்சைமுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

ஐந்து நிமிஷம் ஓடியிருக்கும். சத்தம் மெலிந்தது. ஒரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இழுத்தபோது மறுபடி பிடித்தது. மறுபடி நாலைந்து நிமிஷத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அதேதான். சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். எந்த இணைப்பும் காற்று இழுக்கவில்லை. பேக்கிங் நன்றாகத்தான் இருந்தது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு," என்றான் கிளெமென்ட். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு ஷோபாவின் ஸ்கூட்டரிலிருந்து புதுசு பிடித்து ஊற்றினார்கள். அப்படியும் ஐந்தாவது நிமிஷம் நின்றது.

மணி பத்தரை ஆகிவிட்டது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பச்சைமுத்துவின் போன் மறுபடி அடித்தது. அவர் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க... ஆமாங்க... பார்த்துக்கினுதான் இருக்கோம்," என்றார். வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"போதும்பா கிளெமென்ட். இருக்கற கையையும் கெடுத்துக்காத. சந்தாபுராவுக்கே சரின்னு சொல்லிடறேன்."

கிளெமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பை உதைக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. சரளா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒரு தடவ, கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வருதான்னு பார்க்க முடியுமா?"

"கீழ கிண்ணத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கு. தொறந்தா தெரியும்." குரலில் உயிரே இல்லை. ஆனாலும் ஸ்பேனரை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவன் ஸ்பேனர் ஒன்று அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் குனிந்து ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தினாள். சொட்டு விழவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே காற்றுப் போகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம்தான் பெட்ரோல் இரண்டு சொட்டு விழுந்தது.

"கேட்டுதா?" என்றாள்.

"இன்னா?"

"உள்ள இழுத்துச்சு. டெட்ரா பேக் ஜூஸ் குடிச்சா கடைசியில பேக் ஒட்டிக்கும் இல்ல, அந்த மாதிரி. கிண்ணத்துலருந்து பெட்ரோல் போவப் போவ, அந்த இடத்துக்குக் காத்து வரணும் இல்ல? எங்கருந்து வரும்?"

கிளெமென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வரும். அதுக்குன்னு ஒரு வழி இருக்கும்."

"எங்க?"

அவன் கண்கள் கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தன. "கழட்டு," என்றான்.

பச்சைமுத்துவைக் கூப்பிடவில்லை. சரளாவே நட்டுகளைக் கழற்றினாள். இந்தத் தடவை கிரீஸைக் கறுப்புக் கட்டையில் பூசாமல், எதிர்ப்பக்கம், கார்புரேட்டரின் முகத்தில் பூசி, புது அட்டையை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். நடு வட்டம், இரண்டு போல்ட் ஓட்டைகள், அப்புறம் மேல் மூலையில் கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கிரீஸ் படாத இடம்.

இஞ்சினிலிருந்து கழற்றின முதல் பேக்கிங்கில் பழைய அச்சு இன்னும் அழியாமல் இருந்தது. சட்டையின் முன் துண்டையும் பின் துண்டையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி, இரண்டு அட்டையையும் முகத்துக்கு முகம் வைத்து வானத்துக்கு எதிரே பிடித்தாள். அந்தப் புள்ளி, கீறல் என்று நினைத்த கோட்டின் நுனியில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"இது கீறல் இல்லீங்க. இது வாய்க்கா. இந்த ஓட்டையிலருந்து இந்த வாய்க்கா வழியா வெளிய. நடுவுல நான் அட்டைய வெச்சு அடைச்சிட்டேன்."

கிளெமென்ட் கார்புரேட்டரை வாங்கி அந்தப் புள்ளியில் வாயை வைத்து ஊதினான். கிண்ணத்துக்குள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்டது. பெட்ரோல் வாடையோடு துப்பிவிட்டு, மாவுக்கட்டுக் கையால் தன் தொடையில் அடித்துக்கொண்டான். வலியில் முகம் கோணியது, ஆனாலும் சிரித்தான்.

"பழைய பேக்கிங்ல அந்த ஓட்டை இருந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டுச் சுரண்டித் தூளாக்கிட்டேன். உன் தப்பு இல்ல, சரளா. என்னுது."

அவன் அதை அத்தனை பேர் முன்னால் சொன்னான். சரளா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள்.

"பேட்டர்ன்ல இந்த மாதிரி சின்னப் புள்ளி வெப்போம்," என்றாள். "பாக்கெட் எங்க வரணும், டார்ட் மடிப்பு எங்க முடியணும்னு. புதுசா வர்றவங்க அதைத்தான் விட்டுடுவாங்க. அப்புறம் சட்டையே உக்காராது. நானே இன்னிக்கு விட்டுட்டேன்."

"அண்ணா!" என்று கத்தினான் கிளெமென்ட். "போன் பண்ணாத! அரமணி நேரம் குடு!"

பச்சைமுத்துவின் விரல் அப்போது போனின் மேல்தான் இருந்தது. விரலை எடுத்துவிட்டார்.

இரண்டாவது பேக்கிங்கை வெட்டும்போது சரளாவின் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. வெளி விளிம்பு, நடு வட்டம். வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு வெட்டினாள், உள்ளே துருத்திக்கொண்டு காற்றை மறிக்கக் கூடாது என்று. போல்ட் ஓட்டைகள் இரண்டு. கடைசியாக அந்தப் புள்ளி. கிளெமென்ட் ஊசியை நீட்டினான்.

"ஊசி வேணாம். குத்தினா அட்டை அந்தப் பக்கம் பிதுங்கும், திரும்ப மூடிக்கும். வெட்டி எடுக்கணும்." பையில் இருந்ததிலேயே சின்னக் குழாய்ப் பஞ்ச்சை எடுத்தாள். பிரா கொக்கிக்கு ஓட்டை போடுகிறது. புள்ளியின் மேல் நிறுத்தினாள். கிளெமென்ட் மாவுக்கட்டால் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். டக் என்று ஒரு தட்டு. கடுகளவு வட்டம் ஒன்று கல்லின் மேல் உருண்டது.

"மேல கொஞ்சம் ஒட்டற பேஸ்ட் தடவிடலாமா, கெட்டியா பிடிச்சிக்கும்," என்று கேட்டான். உத்தரவாகச் சொல்லாமல், நிஜமாகவே கேட்டான்.

"தடவினா இந்த ஓட்டைக்குள்ளதான் போய் அடைக்கும். வெறும் எண்ணெய் போதும்."

"சரி. எண்ணெய் போதும்."

இரண்டு பக்கமும் இஞ்சின் எண்ணெயை விரலால் தடவினாள். மாட்டினாள். நட்டுகளை அவளே இறுக்கினாள்; இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பச்சைமுத்து கயிற்றைப் பிடித்தார். கிளெமென்ட் தடுத்தான்.

"சரளா இழுக்கட்டும்ணா."

அவள் புடவை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு காலைப் பம்பின் சட்டத்தில் ஊன்றி, கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. சோக்கை எடுத்தாள். இஞ்சின் இரைந்தது. குழாய் விறைத்து, தொடை பருமனுக்குத் தண்ணீர் சாக்கடைக்குள் சீறிப் பாய்ந்தது.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஷோபாவின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணு... நாலு..."

அஞ்சு என்றபோது சரளா கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆறு! ஏழு!"

எட்டாவது நிமிஷத்தில் கூட்டத்துக்கே பொறுக்கவில்லை. ஷோபா ஓடிவந்து மஞ்சள் பூசின கன்னத்தைச் சரளாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். கிளெமென்ட் இடது கையை இஞ்சினின் மேல் வைத்து, மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி தட்டிக் கொடுத்தான்.

போன் அடித்தது. பச்சைமுத்து எடுத்தார். பேசாமல் அதை இஞ்சின் பக்கத்தில் நீட்டினார். ஒரு நிமிஷம் நன்றாகக் கேட்கவிட்டு, அப்புறம் காதில் வைத்துக்கொண்டார்.

"கேட்டுச்சுங்களா? அது எங்க ஹால் பம்பு. நாலு மணிக்குக் கல்யாணம் இங்கதான். பஸ்ஸ நிறுத்தாதீங்க, சம்பந்தி. நேரா வாங்க!"

பன்னிரண்டேமுக்காலுக்குக் குழாய் காற்றை உறிஞ்சி உறுமியது. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு தெருவே ஹாலுக்குள் இறங்கியது. பெண்கள் துடைப்பத்தால் சேற்றைத் தள்ளினார்கள். ஆண்கள் வாளி வாளியாக நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினார்கள். ஷோபாவின் அம்மா சந்திரம்மா பினாயிலைத் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு மூலையாகப் போனார். ஈரச் சாமந்தியை அறுத்துப் போட்டுவிட்டு, சிவாஜிநகர் மார்க்கெட்டிலிருந்து புதுச் சரம் வந்தது. தரை காயவில்லை; அதன் மேல் பச்சை மேட் விரித்தார்கள். மூன்று மணிக்கு ஹால் பளபளவென்று இருந்தது, கொஞ்சம் பினாயில் வாடையோடு.

மூன்றே காலுக்கு இரண்டு பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா முதல் ஆளாக இறங்கி, படியின் மேல் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். மூன்று படியும் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"காலைல முட்டி வரைக்கும் தண்ணின்னீங்களே?"

"இருந்துச்சு," என்றார் பச்சைமுத்து. மிச்சத்தை அவர் முகமே சொல்லியது.

நாலு மணிக்குப் பிக்கு வந்து அமர்ந்தார். எல்லோரும் எழுந்து நின்று திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்னார்கள். கிளெமென்ட்டுக்கும் சரளாவுக்கும் அந்த வரிகள் தெரியாது. ஆனாலும் தெருக்காரர்களோடு கை கூப்பி நின்றார்கள். வெள்ளைப் புடவையில் ஷோபா மாலை மாற்றியபோது கூரை அதிரக் கை தட்டினார்கள். மாலை போட்டு முடித்ததும் அவள் கண்கள் கூட்டத்தில் சரளாவைத் தேடின. கண்டுபிடித்ததும், மணப்பெண் என்பதையும் மறந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

பந்தியில் பிரியாணி. கிளெமென்ட்டுக்கு இடது கையால் பிசைந்து சாப்பிட வரவில்லை. சரளா தன் இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்து நீட்டினாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் வாயைத் திறந்தான்.

"நாளைக்குக் கடையைத் திறக்கலாம்," என்றான் மென்றுகொண்டே. "நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். சாயங்காலம் நீ வேலையிலருந்து வந்ததும் வெட்டிக் குடு."

"ஸ்பேனர் பிடிக்கலாமா நான்?"

"எல்லா ஸ்பேனரும் பிடி."

அப்போது வாசலில் ஏதோ சலசலப்பு. பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பேர் ஒரு பம்பைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் ஒரு ஜெனரேட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பேக்கிங் வெட்டுகிற அம்மா இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

புது வேட்டியும் நெஞ்சில் பூவுமாக நின்ற பச்சைமுத்து அவர்களுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"மேஸ்திரியம்மா சாப்பிடறாங்க," என்றார், அத்தனை பந்திக்கும் கேட்கிற மாதிரி. "வண்டிய ஓரமா வெச்சிட்டு நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. இன்னும் பாயசம் வரல."